நிற்கும் மரத்தின் விலை

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலை நோக்கிச் செல்லும் பெருவீதி மலைநாட்டை விட்டுத் தாழ்நிலத்திற்கு இறங்கும் வழியிலே அமைந்திருப்பது கலகெதர என்னும் ஊர். சிங்கள மொழியில் 'கல' என்பது கல்லைக் குறிக்கும். 'கெதர' என்பது வீட்டைக் குறிக்கும். கண்டி அரசர் காலத்தில் இவ்வூர் மலைநாட்டின் வாயில்களுள் ஒன்றாய் விளங்கியது. 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் படை கண்டியை நோக்கி ஏறியபோது, இங்கிருந்த காவலரணைக் கைப்பற்றிய பின்னரே மேலே செல்ல முடிந்தது என்பது வரலாறு கூறும் செய்தி.

பேருந்தில் அமர்ந்து அவ்வழியே செல்லும் வெளியூரார் ஒருவர் இருமருங்கும் நோக்குவாராயின், தாம் காட்டினூடே செல்வதாகவே எண்ணுவார். மலைச்சரிவெங்கும் மரங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும். சற்றே உற்று நோக்கினால், அந்தப் பசுமைக்கு நடுவே ஓர் ஓட்டுக்கூரை தெரியும். முற்றத்தில் பாயை விரித்து மிளகு காயவைத்திருப்பது தெரியும். கித்துள் மரத்தின் உச்சியிலே கட்டிய முட்டியும் தெரியும். அப்பொழுதுதான், காடென்று கருதியது காடன்று, ஒவ்வொரு மரத்திற்கும் உரிமையாளர் உள்ள வீட்டுத்தோட்டம் என்பது அவருக்குப் புலனாகும்.

சுற்றாடலைக் காப்பதும் மக்கள் வயிறு வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று கருதுவோர் பலர். காட்டைக் காத்தால் பிழைப்புக் கெடும், பிழைப்பைப் பார்த்தால் காடு அழியும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் பொய்யாகின்றது என்பதை ஆராய்வதற்குக் கண்டிச் சுற்றுப்புறத்து வீட்டுத்தோட்டங்களைக் காட்டிலும் தகுந்த இடம் காண்பது அரிது.

கண்டி நாடு மரங்களைக் காப்பதற்கு இருவகை வழிகளைக் கைக்கொண்டது. ஒன்று தடை. கண்டி நகரிலே, தலதா மாளிகைக்குப் பின்புறமாக விளங்கும் உடவத்தக்கலை வனம் இதற்குச் சான்று. மன்னர் காலத்தில் பொதுமக்கள் புகலாகாத காடாக அது விதிக்கப்பட்டிருந்தது. 'தஹனம் கெலே', அதாவது தடுக்கப்பட்ட காடு என்றே அதனை மக்கள் அழைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1856ஆம் ஆண்டு அது ஒதுக்கக் காடாகவும், 1938ஆம் ஆண்டு சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. நகரம் நாற்புறமும் நெருக்கிய போதிலும், ஏறக்குறைய 104 ஹெக்டேயர் பரப்புள்ள அவ்வனம் இன்றும் நிற்பது அந்தத் தடையின் பயனே.

மற்றொரு வழி பயன். கலகெதரவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தோட்டங்களை எந்த மன்னனும் காவல் வைத்துக் காக்கவில்லை. அங்குள்ள மரம் நாள்தோறும் ஏதேனும் ஒன்றைக் கொடுத்தது. ஆகவே அதை வெட்டுவதற்கு எவரும் துணியவில்லை. தடையினாலே காக்கப்பட்ட காடு ஒருபுறம், பயனாலே காக்கப்பட்ட தோட்டம் மறுபுறம். இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை மட்டும் பேணுதல் இயலாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கண்டித் தோட்டத்தின் அமைப்பை முதலிலே நோக்குவது பொருத்தமாகும். மேல் தட்டிலே தென்னை, பலா, கித்துள், கமுகு, டூரியன் ஆகியவை ஓங்கி நிற்கும். அவற்றின் கீழே கராம்பு, சாதிக்காய், ஈரப்பலா, மா, ஆனைக்கொய்யா முதலியன. அதற்கும் கீழே கோப்பி, கொக்கோ, வாழை. தரைமட்டத்திலே இஞ்சியும் மஞ்சளும் கிழங்குகளும் வளரும். கிளிரிசீடியா மரத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு மிளகுக்கொடி படரும். அம்மரத்தின் தழை ஆடுமாடுகளுக்குத் தீனியாகும், மண்ணுக்கு எருவாகும், காய்ந்த கிளை அடுப்புக்கு விறகாகும்.

அரை ஏக்கர் நிலமுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அத்தோட்டத்தில் ஒரு பயிர் ஓயும்போது மற்றொன்று தொடங்கும். ஆண்டின் தொடக்க மாதங்களிலே கராம்பு மொட்டைப் பறித்து வெயிலில் உலர்த்துவர். பின்னர் சாதிக்காய் வெடிக்கும். அதன் விதையும் அதைச் சூழ்ந்துள்ள சிவந்த வசுவாசியும் வெவ்வேறு விலைக்குப் போகும். மிளகு உலர்ந்தால் மூட்டையாகக் கட்டிவைத்து, விலை ஏறும்வரை காத்திருப்பர். பாக்கும் தேங்காயும் இடையிடையே சில்லறைச் செலவைத் தாங்கும். கித்துட் பூந்தண்டைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் ஆக்குவர். இவை யாவும் இல்லாத மாதத்திலும் பலா கைவிடாது. பிஞ்சாயின் கறி, முற்றினால் சோற்றுக்கு ஈடான உணவு, பழுத்தால் கனி, கொட்டையும் உணவு. 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்தில் சிறைப்பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே, அரிசி குறைந்த காலத்தில் பலா இம்மக்களுக்கு எத்துணை உதவியாய் இருந்தது என்பதை வியந்து கூறியிருக்கின்றார். சிங்கள மக்கள் அதனைச் 'சோற்று மரம்' என்று பொருள்படும் 'பத் கஸ' என்னும் பெயரால் வழங்குவது காரணப்பெயரே.

இனி, இத்தோட்டம் மலைக்குச் செய்யும் உதவியைக் காண்போம். மலைநாட்டு மழை துளித்துளியாக மண்ணைத் தாக்கிப் பெயர்த்துச் செல்லும் வன்மை உடையது. உயர்ந்த மரம் மட்டும் இருந்தாற் போதாது. அதன் இலைநுனியில் திரண்டு விழும் பெருந்துளி வெறுந்தரையில் வீழுமாயின் மண்ணை இன்னும் வலுவாகவே தாக்கும். கீழுள்ள சிறுமரங்களும், அவற்றுக்கும் கீழேயுள்ள செடிகளும், தரையை மூடிய சருகுமே அத்துளியின் வேகத்தை அடக்குவன. சருகு நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல மண்ணுக்குள் விடும். அந்நீர் சரிவின் அடியிலே ஊற்றாய்ச் சுரக்கும். தோட்டக்காரர் தம் வருமானத்திற்காக நட்ட பல அடுக்கு மரங்கள், அவர் நினையாமலே, மலையின் மண்ணையும் நீரையும் காத்து வந்தன.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் இதே மலைகள் கண்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர், உரிமை நிறுவ முடியாத காடுகளும் புன்செய்களும் அரசுக்குரியன எனக் கொள்ளப்பட்டுத் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டி எரிக்கப்பட்டது. சரிவெங்கும் கோப்பி ஒன்றே நடப்பட்டது. களையென்று கருதித் தரையிலுள்ள புல்லையும் பூண்டையும் அறவே நீக்கினர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களை ஆக்கினர். வரும் வழியிலேயே மாண்டவர் பலர். 1870களின் பிற்பகுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருந்தது.

1869ஆம் ஆண்டு, கோப்பி இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் துகளாக ஒரு நோய் தோன்றியது. ஒரே பயிர் இடையீடின்றி நிறைந்த மலைகளில் அப்பூசணத்தின் வித்துக்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை. 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர் நோயின் இயல்பை ஆராய்ந்து, ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் தொடர்ந்து நடுவதன் கேட்டையும் எடுத்துக்காட்டினார். அதற்குள் காரியம் கைமீறிப் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித்தொழில் அழிந்தது.

ஆனால், தோட்டத்துரைமார் மட்டுமே அழிவைக் கண்டனர் என்று கருதுதல் தவறு. கிராமத்தவர்களும் தம் வீட்டுத்தோட்டங்களில் கோப்பி வைத்திருந்தனர். அதன் பணத்தைக் கொண்டே நெல்வரியைச் செலுத்தி வந்தனர். கோப்பி பட்டபின் அவர்களிடம் பணம் இல்லை. வரி நிலுவைக்காக அவர்களின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வலப்பனைப் பகுதியிலே இதனால் விளைந்த துன்பத்தை நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்பார் அரசுக்கு எடுத்துரைத்தார். 1892ஆம் ஆண்டிலே அவ்வரி ஒழிக்கப்பட்டது. இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தோட்டம் ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்கும். ஆயின், காசாகவே கொடு என்று சட்டமோ சந்தையோ வற்புறுத்தும்போது, அத்தோட்டம் தனித்து நின்று அக்குடும்பத்தைக் காக்க வல்லதன்று.

இருபதாம் நூற்றாண்டிலே பலாவின் அருமையை நாட்டுக்கு உணர்த்தியவர் ஆர்தர் வி. டயஸ். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்டு மீண்ட இப்பெரியார், ஊர்தோறும் பலாக்கன்று நடும் இயக்கத்தைத் தொடங்கினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்று அன்போடு அழைத்தனர். பிற்காலத்தில் போரினாலே அரிசித் தட்டுப்பாடு வந்துற்றபோது பலர் உயிர் வாழ்ந்தது பலாவினாலேயே.

சுதந்திரத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று மண்காப்புச் சட்டம். மற்றொன்று மரந்தறித்தலைக் கட்டுப்படுத்துஞ் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றித் தறித்தலாகாது என இரண்டாவது சட்டம் விதித்தது. மலைநாட்டுப் பலாவும் யாழ்ப்பாணத்துப் பனையும் ஒரே சட்டத்தின் நிழலிலே நிற்பது நேயர்கள் எண்ணி மகிழத்தக்கது. இரண்டும் ஏழையின் உணவு மரங்கள் என்பதே அதன் கருத்து.

1990ஆம் ஆண்டு, இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பதை இலங்கை அரசு நாடெங்கும் நிறுத்தியது. காடுகளுக்கு அது பெரும் நன்மை. ஆயினும் வீடுகட்டவும் தளபாடஞ் செய்யவும் பலகை தேவைப்படுவது நிற்கவில்லையே! அந்தப் பலகை எங்கிருந்து வந்தது? 1995ஆம் ஆண்டு வனத்துறைப் பெருந்திட்டத்தின் கணிப்பின்படி, நாட்டின் அறுப்புமரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு வீட்டுத்தோட்டங்களிலிருந்தே கிடைத்தது. தடையினாலே காக்கப்பட்ட காடு, பயனாலே காக்கப்பட்ட தோட்டத்தின் தோளிலே தன் சுமையை இறக்கி வைத்தது என்பது இதன் பொருள். தோட்டங்கள் அழியுமாயின் அந்தச் சுமை மீண்டும் காட்டையே சாரும். இவ்விரு வழிகளும் பிரிக்க முடியாதவை என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

இவ்விடத்திலேதான் பிரச்சினையின் முடிச்சு உள்ளது. கலகெதரத் தோட்டக்காரருக்குப் பலாமரம் உணவு மட்டுமன்று. அது அவரின் சேமிப்பும் ஆகும். மகளின் திருமணம், மகனின் படிப்பு, எதிர்பாராத நோய் முதலியவற்றுக்கு அவர் கைவைப்பது அம்மரத்திலேயே. சட்டப்படி அதனை வெட்டுவதற்கு ஓர் அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்வதற்கு வேறோர் அனுமதி வேண்டும். அவசரத்தில் இருப்பவர் அலுவலகங்களுக்கு நடந்து இளைக்காமல், வரும் தரகனிடமே மரத்தை விட்டுவிடுவார். தரகன் அந்த அலைச்சலைக் காரணங்காட்டி விலையைக் குறைப்பான். நெடுங்காலம் வளர்த்தவருக்குக் கிடைப்பது சிறுபங்கு. இதனைக் கண்டு வளரும் அவரின் மகன், தானாக முளைத்த பலாக்கன்றைப் பார்த்து என்ன நினைப்பான்? விற்கும்போது தொல்லை தருவதை வளர்ப்பானேன் என்று அவன் அதைப் பிடுங்கி எறிவானாயின், அவனைக் குறைகூற முடியுமா? மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது பழமொழி. மரம் வைத்தவனுக்கே அம்மரம் பாரமானால் தண்ணீர் வார்ப்பவர் எவர்?

சட்டத்தை நீக்கிவிடலாம் என்பது இதன் முடிவன்று. நீக்கினால் ஒரே பருவத்தில் சரிவுகள் மொட்டையாகும். பெரிய மரம் ஒன்றை வெட்டுபவர் இளமரங்கள் சிலவற்றைக் காட்டினால், அனுமதி ஊரிலேயே விரைந்து கிடைக்குமாறு செய்தல் கூடும். வெட்டுவதைத் தடுப்பதோடு நில்லாமல், நடுவதற்கு ஊக்கம் தருவதாயும் சட்டம் அமைய வேண்டும் என்பதே கருத்து.

சந்தையின் நிலையும் நோக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய – இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையால் இலங்கை மிளகுக்கு இந்தியச் சந்தையில் சலுகை கிடைத்தது. பிற நாட்டு மலிவான மிளகு இலங்கை மிளகென்ற பெயரில் அங்கே புகுகின்றது என்ற முறைப்பாடு எழுந்தது. 2017 டிசம்பரில், கிலோ ஒன்று 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாது என இந்திய அரசு வரம்பு கட்டியது. கடல் கடந்து நிகழ்ந்த இச்செயல், மலைச்சரிவில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த குடும்பத்தையும் பாதித்தது. மிளகை மட்டும் நட்டவருக்கு அது பேரிடி. பாக்கும் கராம்பும் பலாவும் உடன் வைத்திருந்தவருக்கு அது ஒரு கெட்ட ஆண்டு, அவ்வளவே. பல பயிர் வைக்கும் பழைய அறிவு கோப்பிக் காலத்திற்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இப்பொழுது தோட்டக்காரரை வாட்டும் மற்றொரு துன்பம் விலங்குகள். செங்குரங்கு இளநீர்க் குரும்பையைப் பறித்து எறிகின்றது. மலையணில் தேங்காயைக் குடைகின்றது. பன்றி கிழங்கை அகழ்கின்றது. 2023ஆம் ஆண்டு ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை ஒன்று பேசப்பட்டு, எதிர்ப்பின் பின்னர் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடம், நாடெங்கும் மக்கள் தத்தம் காணிகளில் நின்ற குரங்கு, மயில், மலையணில் ஆகியவற்றை எண்ணினர். எண்ணிக்கையை நகைத்தவர்களும் உளர். ஆயினும், செங்குரங்கு இலங்கைக்கே உரிய விலங்கு. அதைப் பேணும் பெருமை நாட்டுக்கு, அது தின்னும் தேங்காயின் இழப்பு ஒரு வீட்டுக்கு என்ற நிலை நீதியாகாது. விலங்கு எல்லோருக்கும் பொது என்றால் இழப்பும் எல்லோருக்கும் பொதுவாதல் வேண்டும்.

இத்துன்பங்கள் பெருகும்போது, தோட்டத்தைப் பேர்ச்சுக் கணக்கில் துண்டாடி வீட்டுக்கு விற்பதே இலாபம் என்ற எண்ணம் பிறக்கின்றது. தந்தையின் ஒரு ஏக்கர் நான்கு மக்களுக்குப் பிரிந்தபின் அந்த எண்ணம் வலுப்பெறும். சரிவை வெட்டித் தளமாக்கி, நீரோடும் வழியை அடைத்து வீடு எழும். 2016 மே 17இல் அயல் மாவட்டமான கேகாலையின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலே கண்டி மாவட்டத்தின் மலைச்சாரல்கள் பல சரிந்து, பெருந்தொகையானோர் உயிரிழந்தனர். ஆழத்திலே நழுவும் மலையை மரத்தின் வேர் மட்டும் தடுத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். நல்ல தோட்டங்களும் சரிவிலே சென்றதுண்டு. ஆனால் சரிவை வெட்டுவதும், நீர்வழியை அடைப்பதும், மேல்மண்ணை வெறுமையாக்குவதும் ஆபத்தைப் பெருக்குவன என்பதில் ஐயமில்லை.

ஆகவே, தோட்டம் தோட்டமாகவே நிற்பதற்கு ஒரு விலை கொடுக்க நாடு ஆயத்தமாக வேண்டும். கொஸ்டா ரிக்கா என்னும் சிறு நாடு 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இவ்வழியைத் திறந்தது. எரிபொருளுக்கு விதித்த வரியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, தம் நிலத்தில் மரங்களை நிலைநிறுத்தும் குடியானவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் முறை அது. மலையில் ஊறும் நீரைத் தாழ்நிலத்தார் பருகுகின்றனர். மகாவலி நீரால் உக்குவெலையிலும் விக்டோரியாவிலும் மின்சாரம் பிறக்கின்றது. மேலே மண் நின்றாலன்றிக் கீழே நீர்த்தேக்கம் சேற்றால் நிறையும். பயனடைவோர், காப்போருக்குச் சிறிது ஈவது தருமமன்று. கணக்குத் தீர்த்தலே ஆகும்.

தோட்டக்காரர் தாமே செய்துகொள்ளக் கூடியனவும் உண்டு. மிளகைத் தரையில் உலர்த்தாது தட்டிலே உலர்த்தித் தூசியகற்றி விற்றால் விலை கூடும். கித்துட் பாணியிலே சீனி கலவாதிருந்தால் நம்பிக்கை கூடும். தனித்து ஒரு மூட்டை கொண்டு செல்பவர் தரகன் சொன்ன விலைக்கு விற்பார். ஊரார் கூடிக் கூட்டுறவாய்க் கொண்டு சென்றால் விலையைத் தாமே பேசுவர். பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 1972ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வாசனைப் பயிர்களுக்கென்றே இயங்கி வருகின்றது. அதன் கன்றுகளும் ஆலோசனையும் ஊர்களை அடைவதைப் போலவே, இளைஞரின் மனத்தையும் அடைதல் வேண்டும்.

கராம்புக் கன்று ஒன்று பூப்பதற்கு ஆறு ஏழு ஆண்டுகள் செல்லும். பலாமரம் பலகைக்கு முற்றுவதற்கு ஒரு தலைமுறை செல்லும். இன்று நடுபவர் நாளையும் இந்நிலம் தம்முடையது, விலை கிடைக்கும், மரம் தமக்குப் பாரமாகாது என்று நம்பினால் மட்டுமே நடுவார். அந்த நம்பிக்கையைத் தருவது அரசின் கடன், சந்தையின் கடன், மலையின் கீழே வாழும் எல்லோருடைய கடன். கலகெதர என்னும் கல்வீட்டு ஊரைக் கடந்து அடுத்த முறை பயணஞ் செய்யும் நேயர்கள், சன்னலுக்கு வெளியே தெரியும் பசுமையை நோக்கும்போது, அது தானாக வளர்ந்த காடன்று, தலைமுறை தலைமுறையாக எவரோ நட்டுக் காத்த வாழ்வு என்பதை நினைவிற் கொள்வார்களாக.